அன்னதானச் சட்டியில் விழும் வெள்ளைத் தூள்: கோயில் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டித் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், அன்னதானப் பொறுப்பிலிருக்கும் பெரியவர்கள் அனைவருக்கும்,

போன மாதக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவை ஏற்றுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கோடை விடுமுறைத் தமிழ் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டிலும், வெள்ளிக்கிழமை அன்னதானத்திலும் ஹின்ஜோமோன், அதாவது அஜினோமோட்டோத் தூள், போடுவதைத் தொடரலாம், இதைப் பற்றி இனிமேல் பேச்சு வேண்டாம் என்று முடித்துவிட்டீர்கள். நான் எழுந்து கேட்டபோது கிடைத்த பதில், "இத்தனை வருசமாப் போடுறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்பது ஒன்றுதான். கூட்டத்திலிருந்த பலர் தலையாட்டினார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, அது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். கோயிலின் பெயரையோ உங்கள் யாருடைய பெயரையோ எழுதவில்லை. இது ரங்கூனில் ஒரு கோயிலின் விசயம் மட்டும் இல்லை, பெகுவிலும் தாட்டோனிலும் மோல்மேனிலும் இருக்கிற நம் சனங்கள் இதைப் படித்தால் அவர்கள் கோயில் அடுக்களையையும் நினைத்துப் பார்ப்பார்கள் என்றுதான் எண்ணுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். திருவிழா நாட்களில் விடியற்காலையில் காய் நறுக்க வருகிற பெண்களில் நானும் ஒருத்தி. என் இரண்டு பிள்ளைகளும் உங்கள் தமிழ் வகுப்பில்தான் படிக்கிறார்கள். பிழைப்புக்கு நான் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை அளவு, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, யூரியா என்று மற்றவர்களின் இரத்தத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. நம் தெருக்காரர்களின் முடிவுத்தாளும் என் கை வழியாகப் போகும். யார் எவர் என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் முப்பது வயதுகூட ஆகாத, ஒல்லியான, இனிப்பே தொடாத நம் பையன்களின் தாளில் சர்க்கரை ஏறி நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. என் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். என் தம்பிக்குக் கல்யாணம் ஆன புதிதிலேயே வந்துவிட்டது. உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த ஊசி ஐஸ்பெட்டியில் இருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2014இல் இந்த நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 25 வயது முதல் 64 வயது வரை உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோய் இருந்தது. அது எல்லா இனத்தாரையும் சேர்த்த கணக்கு. இந்தியத் துணைக்கண்டத்து வம்சாவளியினருக்கு இந்த நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே, உடம்பு பருக்காதபோதே வருகிறது என்பது பல நாடுகளிலும் பார்த்து உறுதியான விசயம்.

இப்போது அந்தத் தூளைப் பற்றி. கடையில் ஹின்ஜோமோன் என்று கேட்கிறோம், வீட்டில் அஜினோமோட்டோ என்கிறோம். எந்தக் கம்பெனிப் பொட்டலம் என்பது இங்கே பேச்சே இல்லை, எல்லாவற்றிலும் உள்ள பொருள் ஒன்றுதான், மோனோசோடியம் குளுட்டமேட். 1908இல் டோக்கியோவில் இக்கெடா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பு என்கிற கடற்பாசியின் சாற்றிலிருந்து இந்தச் சுவையைப் பிரித்தெடுத்தார், அடுத்த வருடமே அது விற்பனைக்கு வந்தது. பர்மாவில் இது இல்லாத அடுக்களை அபூர்வம். காலையில் பிள்ளை தெருமுனையில் சாப்பிடுகிற மொய்ங்காவில் இருக்கிறது, சாயங்காலம் தின்கிற அத்தோவில் இருக்கிறது, பள்ளிக்கூட வாசலில் வாங்குகிற நொறுக்குத்தீனிப் பையில் இருக்கிறது. அவற்றையெல்லாம் நான் நிறுத்த முடியாது, நீங்களும் நிறுத்த முடியாது. ஆனால் சாமி பெயரைச் சொல்லிப் போடுகிற சாப்பாட்டில் என்ன விழுகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்விக்கு வருகிறேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கிற உறுப்பு. அதற்குள் சின்னச் சின்னத் திட்டுகளாக, லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்பார்கள், சில செல்கள் இருக்கின்றன. அதில் பீட்டா செல்கள்தான் இன்சுலின் சுரப்பவை. உடம்பில் வேறு எதுவும் அந்த வேலையைச் செய்யாது. வளர்ந்த ஆளுக்கு அந்தச் செல்கள் புதிதாக உண்டாவதும் மிகக் குறைவு. பத்துப் பேர் வேலை பார்க்கிற கடையில் நாலு பேர் நின்றுவிட்டால், மிச்சம் ஆறு பேர் இராத்திரி பகலாக நின்று கடையைத் திறந்தே வைத்திருப்பார்கள், வாங்க வருகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. பீட்டா செல்கள் குறைந்தாலும் இப்படித்தான். சர்க்கரை அளவு வருடக்கணக்கில் சரியாகவே காட்டும். பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது வருடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று சொன்னது என்னவென்றால், ஒருவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று கண்டுபிடிக்கிற அன்றைக்கே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருக்கிறது. நான் வேலை பார்க்கிற கூடத்திலோ இந்த ஊரின் வேறெந்தக் கூடத்திலோ ஒரு ஆளின் கணையத்தில் எத்தனை பீட்டா செல்கள் மிச்சம் என்று இரத்தத்தை வைத்து எண்ணிச் சொல்கிற பரிசோதனை கிடையாது. திசுவை வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். உயிரோடிருக்கிற ஆளிடம் வழக்கத்தில் யாரும் அதைச் செய்வதில்லை.

எலியிடம் செய்கிறார்கள். நமக்குப் பக்கத்து நாடான தாய்லாந்தில், கோன் கேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நன்கு வளர்ந்த 80 ஆண் எலிகள். பாதி எலிகளுக்குக் குடிக்கிற தண்ணீரில் இந்தத் தூளைக் கலந்து தினமும் கொடுத்தார்கள், உடல் எடை ஒரு கிலோவுக்கு 2 கிராம் கணக்கில். மறுபாதிக்கு வெறும் தண்ணீர். 1 மாதம், 3 மாதம், 6 மாதம், 9 மாதம் என்று நாலு கட்டமாகக் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். தூள் சாப்பிட்ட எலிகளில் 1, 6, 9 மாதக் கட்டங்களில் பீட்டா செல்களின் மொத்த அளவு குறைந்திருந்தது. 1 மாதத்திலும் 3 மாதத்திலும் அந்தத் திட்டுகளில் நார்த்தழும்பு அதிகமாக இருந்தது. அப்புறம், கமிட்டியார் தயவுசெய்து இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும்: அந்த எலிகளின் சர்க்கரையிலும் இன்சுலினிலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்தபோதும் தூள் சாப்பிட்ட எலியும் சாப்பிடாத எலியும் ஒரே மாதிரிதான் காட்டின. வெளியே ஒன்றும் ஆகவில்லை, உள்ளே செல்கள் குறைந்திருந்தன.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது நம்மால் பார்க்க முடிகிற அளவில் மட்டும் உண்மை. கணையம் கடைசி வரைக்கும் காட்டிக்கொடுக்காத உறுப்பு. சாப்பிட்டு முடித்து எழுந்துபோகிறவர்கள் நன்றாகத்தானே நடந்து போகிறார்கள் என்பதை வைத்து அதைப் பற்றி ஒரு தீர்ப்பும் சொல்ல முடியாது. இளவயதிலேயே நோய் வருகிற சனத்திடம், "ஒன்னும் ஆகலையே" என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. அந்த ஆய்வாளர்களும் முடிவில் எழுதியிருப்பது, சர்க்கரை நோய் வரும் தன்மை ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு இந்தச் சேதம் வேலையைக் கெடுக்கிற அளவுக்குப் போகலாம் என்ற ஐயத்தைத்தான்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் முழுதாக எழுதுகிறேன். எலிக்குக் கொடுத்த அளவு மிகப் பெரியது. எடைக்கு எடை கணக்குப் போட்டால் 60 கிலோ ஆள் தினமும் 120 கிராம் சாப்பிட வேண்டும், யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. எலியின் அளவை ஆறால் வகுத்து மனிதனுக்குக் கொண்டுவருகிற வழக்கமான முறையில் பார்த்தாலும் 20 கிராம் பக்கம் வருகிறது, அதுவும் அதிகம்தான். நாம் சாப்பிடுகிற குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே தன் எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது, இரத்தத்துக்குப் போவது கொஞ்சம். 1969இல் அமெரிக்காவில் ஆல்னி என்பவர் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு இதை ஊசியில் ஏற்றி மூளையில் சேதம் கண்டார், அவை வளர்ந்தபின் பருத்தும் போயின. அதைத் தொடர்ந்து அங்கே குழந்தை உணவுக் கம்பெனிகள் தாங்களாகவே இந்தத் தூளை நிறுத்தினார்கள். ஆனால் ஊசியில் ஏற்றுவதும் சாம்பாரில் சாப்பிடுவதும் ஒன்றில்லை என்று சொல்கிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் ஒரே திசையில் போகவில்லை. தாய்லாந்துக் கிராமங்களில் 349 பேரிடம், வீட்டுக்கே தூளை அளந்து கொடுத்து, எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரு ஆள் ஒரு நாளுக்குச் சராசரியாக 4 கிராம். தூள் கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் உடல் பருமனும், சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து வருகிற கோளாறும் கூடியிருந்தன. சீனாவில் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்விலோ எடைக்கும் தூளுக்கும் தொடர்பு தெரியவில்லை. 1987இல் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு இதற்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு வைக்கத் தேவையில்லை என்றே முடிவு செய்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இந்தத் தூள்தான் என் தம்பிக்கு நோயைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் 2017இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பழைய முடிவை மறுபடி எடுத்துப் பார்த்து, ஒரு அளவு வைத்தது. உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 30 மில்லிகிராம், தூளாக இல்லை, அதிலுள்ள குளுட்டமிக் அமிலமாகக் கணக்கிட்டு. எப்படி வைத்தார்கள் என்றால், விலங்குகளுக்குத் தீங்கு தெரியாத அளவு கிலோவுக்கு 3200 மில்லிகிராம் என்று ஒரு ஆய்விலிருந்து எடுத்து, பாதுகாப்புக்காக அதை நூறால் வகுத்தார்கள். அந்த ஆய்வு எலிக்குட்டிகளின் நரம்பு வளர்ச்சியைப் பார்த்தது, கணையத் திட்டுகளை எண்ணிப் பார்த்தது இல்லை. கோன் கேனில் பீட்டா செல் குறைந்தது 2000 மில்லிகிராமில். அதாவது, தீங்கு இல்லை என்று எடுத்துக்கொண்ட அளவுக்கும் கீழே. நான் விஞ்ஞானி இல்லை, ஆனால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்தக் கவலை விடவில்லை. பீட்டா செல்லின் மேலேயே குளுட்டமேட்டைப் பிடித்துக்கொள்கிற ஏற்பிகள் இருக்கின்றன, வெளியே அது அதிகமாகத் தேங்கினால் மனிதப் பீட்டா செல்கள் செத்துப்போகின்றன என்று 2011இல் ஒரு ஆய்வுக்கூட ஆய்வும் காட்டியது. அது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல், உடம்பு இல்லை, சரி. ஆனாலும் கணையத்துக்கும் இந்தப் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இப்போது நம் சட்டிக்கு வருவோம். தமிழ் வகுப்பு நடக்கும் நாளில் ஏறக்குறைய 70 பிள்ளைகளுக்குச் சமைக்கிறோம். சாம்பார் அண்டாவில் கால் கிலோப் பொட்டலம் ஒன்று முழுதாக விழுவதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கூட்டு கொதிக்கும்போது இன்னொரு கைப்பிடி. கைப்பிடியை விடுங்கள், சாம்பாரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 250 கிராமை 70ஆல் வகுத்தால் தலைக்கு மூன்றரை கிராம். அடியில் கொஞ்சம் மிஞ்சுகிறது என்று கழித்தாலும் 3 கிராம். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 20 கிலோ எடை இருப்பார்கள், அவர்களுக்கு அந்த ஐரோப்பிய அளவு ஒரு நாள் முழுவதற்கும் 0.6 கிராம், தூளாகக் கணக்கிட்டால் முக்கால் கிராம் பக்கம். நாம் ஒரே வேளையில், ஒரே குழம்பில், அதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு ஊற்றுகிறோம். தாய்லாந்தில் வயதுவந்த ஆள் ஒருவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்ட அளவில் முக்கால் பங்கை நம் கோயில் பிள்ளைக்கு ஒரு மதியத்தில் கொடுத்துவிடுகிறோம். அந்த ஐரோப்பிய ஆணையத்தின் அறிக்கையிலேயே, மனிதர்களுக்குக் கிலோவுக்கு 143 மில்லிகிராமுக்கு மேல் போனபோது இன்சுலின் அளவு ஏறியதாகப் பதிவான ஆய்வைக் காட்டியிருக்கிறார்கள். 20 கிலோப் பிள்ளைக்கு 3 கிராம் என்றால் கிலோவுக்கு 150 மில்லிகிராம். கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

தக்காளியிலும் இதே பொருள் இருக்கிறதே என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். இருக்கிறது, உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்றாகப் பழுத்த தக்காளி 100 கிராமில் தனித்து நிற்கிற குளுட்டமேட் கால் கிராமைத் தாண்டாது. 3 கிராம் தூளில் உள்ள குளுட்டமேட் வேண்டுமென்றால் ஒரு பிள்ளை ஒரு கிலோ பக்கம் தக்காளி தின்ன வேண்டும். தக்காளியில் வயிறு நிறைந்து தானாக நிறுத்திவிடும், தூளில் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. போதாததற்கு இந்த நாட்டுச் சாப்பாட்டில் ங்கப்பி என்கிற புளித்த மீன் விழுதும் மீன் சாறும் ஏற்கெனவே இருக்கின்றன, அதில் வருகிற குளுட்டமேட் வேறு கணக்கு.

இதை எழுதும்போது எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் வேறு. தூள் எப்போது இவ்வளவு அதிகமானது என்று யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் சமையல் மாஸ்டர் கடைசியில் ஒரு சிட்டிகை போடுவார், அவ்வளவுதான். விலைவாசி ஏற ஏறப் பருப்பு குறைந்தது. துவரம்பருப்பும் உளுந்தும் இதே மண்ணில் விளைந்து கப்பலேறிப் போகின்றன, நம் அடுக்களைக்கு வாங்கப் போனால் விலை கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. எண்ணெய் விலை, வெங்காய விலை, கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டருக்கு டீசல், எல்லாம் எனக்கும் தெரியும். என் வீட்டிலும் அதே பாடுதான். கமிட்டியில் கைக்காசைப் போட்டு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும், அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நடந்தது என்ன? மூன்று வீசை பருப்பு போட்ட அண்டாவில் இப்போது ஒன்றரை வீசை போடுகிறார்கள். சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தூள் கூடுகிறது. குறைந்துபோன பருப்பை நாக்கு கண்டுபிடிக்காமல் அது மூடி வைத்துவிடுகிறது. பிள்ளைகளும் ருசியாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். வாரத்தில் நல்ல சாப்பாடு இந்த ஒரு வேளைதான் என்கிற வீட்டுப் பிள்ளைகளும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் போக வேண்டிய பருப்பு போகவில்லை, அதற்குப் பதிலாகத் தூள் போகிறது. பருப்பு வாங்கப் பணம் இல்லை என்று கமிட்டி ஒரு வார்த்தை வெளியே சொல்லியிருந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு டம்ளர் பருப்பு வந்திருக்கும். நம் சனங்கள் அதற்குக் குறைந்தவர்கள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பந்தியில் உட்காருகிற பெரியவர்களில் பாதிப் பேராவது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். பலருக்கு இரத்தக் கொதிப்பும் உண்டு. "கோயில் சாப்பாடுதானே, சுத்தமா இருக்கும்" என்று நம்பி உட்காருகிறார்கள். வீட்டில் மருமகள் பார்த்துப் பார்த்து உப்பைக் குறைத்துச் சமைக்கிறாள், இங்கே உப்போடு தூளும் சேர்ந்து விழுகிறது. தூளிலும் எடையில் பன்னிரண்டு விழுக்காடு சோடியம்தான். உப்பைவிடக் குறைவு என்பது உண்மை, ஆனால் உப்பைக் குறைத்துவிட்டா இதைப் போடுகிறோம்? இரண்டையும்தானே போடுகிறோம். சாப்பிடுகிறவருக்குச் சொல்லாமல் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு அட்டையில் எழுதி வையுங்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எழுதினா சனம் பயந்துபோயிடும்" என்றார்கள். தெரிந்தால் சாப்பிட மாட்டார்கள் என்று நாமே நினைக்கிற ஒன்றைத் தெரியாமல் போடலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சமையல் மாஸ்டர் அண்ணனை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்த சாமானை வைத்து, கொடுத்த பணத்தில், நூற்றுக்கணக்கானவர்களின் வாய்க்குப் பிடிக்கிற மாதிரி சமைக்கச் சொன்னால் வேறு என்ன செய்வார்? அவருடைய பழைய சாம்பாரைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். சின்ன வெங்காயம், பூண்டு, வறுத்து அரைத்த மல்லி, கொஞ்சம் காய்ந்த மிளகாய், கடைசியில் பெருங்காயம், கறிவேப்பிலை. அந்த மணத்துக்கு எந்தத் தூளும் தேவைப்பட்டதில்லை. பொட்டலத்தில் வருகிற ரெடிமேட் மசாலா வாங்க ஆரம்பித்த பிறகுதான் அரைப்பதே நின்றது. அந்த மசாலாப் பொட்டலங்கள் சிலவற்றின் பின்பக்கத்தைப் படித்தேன், அதிலேயே 621 என்ற எண் இருக்கிறது, இதே குளுட்டமேட்டின் எண் அது. ஆக மசாலாவில் ஒரு தடவை, தனியாக ஒரு தடவை. மாஸ்டருக்கே அது தெரிந்திருக்காது.

இனி நான் கேட்பவை. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி முடிவு சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளின் சாப்பாட்டில் இந்தத் தூளை முழுதாக நிறுத்துங்கள். குறைப்பது, பாதியாக்குவது என்ற பேச்சு பிள்ளைகள் விசயத்தில் வேண்டாம். அடுத்த வகுப்பு நாளிலிருந்தே நிறுத்தலாம், இதற்கு ஒரு கியாட் செலவு இல்லை, மிச்சம்தான்.

வெள்ளிக்கிழமை அன்னதானத்திலும் திருவிழாப் பந்தியிலும் ஒரே நாளில் நிறுத்தினால் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று மாஸ்டர் அண்ணன் பயப்படுவது நியாயம். ஆடி மாதம் முடிவதற்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். அதுவரைக்கும் கையால் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போட வேண்டும், எத்தனை அண்டாவுக்கு எத்தனை கிராம் என்று அடுக்களை நோட்டில் எழுத வேண்டும். நோட்டை எழுதுகிற பொறுப்பை எங்கள் பெண்கள் குழுவுக்குக் கொடுத்தால் நாங்கள் செய்கிறோம்.

நிறுத்துகிற வரைக்கும், இன்றைய சமையலில் ஹின்ஜோமோன் இருக்கிறது என்று பந்தி தொடங்குகிற இடத்தில் தமிழிலும் பர்மியத்திலும் எழுதி வையுங்கள். சர்க்கரை, கொதிப்பு உள்ளவர்களுக்கு ஒரு சின்னப் பானையில் தூள் இல்லாமல், உப்பும் குறைத்து, தனியாக எடுத்து வையுங்கள்.

621 என்று போட்டிருக்கிற மசாலாப் பொட்டலங்களைக் கோயில் பணத்தில் வாங்காதீர்கள். மல்லியும் மிளகாயும் வாங்கிக் கொடுத்தால் அரைத்துத் தர நாங்கள் சிலர் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம். மில்லுக்குக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவர ஆட்டோ வாடகை மட்டும் தந்தால் போதும்.

ஒரு அண்டாவுக்கு இவ்வளவு பருப்புக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அளவை மாஸ்டரோடு உட்கார்ந்து முடிவு செய்து அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். அந்த அளவுக்குப் பணம் போதாத வாரத்தில் முந்தின நாளே சொல்லுங்கள், வீடு வீடாகப் போய்ச் சேர்த்துக்கொண்டு வருகிறோம். அப்படியும் கிடைக்காவிட்டால் அன்றைக்குச் சாம்பார் வேண்டாம், தக்காளி ரசமும் ஒரு கூட்டும் போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த மடலின் அச்சுப்பிரதியைச் செயலாளர் அண்ணனிடம் நேரில் கொடுத்துவிட்டேன். நான் சொன்ன ஆய்வுகளைப் படித்துப் பார்க்க நினைக்கிற டாக்டர் யாராவது கமிட்டியில் இருந்தால், அவர் சொல்லுகிற நேரத்துக்கு வந்து பக்கம் பக்கமாகக் காட்டுகிறேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். "பேச்சு வேண்டாம்" என்ற தீர்மானத்தை எடுத்துவிட்டு, இதை ஆடிக்கூழ் ஊற்றுவதற்கு முன் நடக்கிற அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் விசயமாக வையுங்கள். அந்தக் கூட்டத்துக்குத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களையும் அழையுங்கள். நிறுத்துகிறீர்களா இல்லையா என்பதையும், இல்லையென்றால் ஏன் என்பதையும், எழுத்தில் அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

இப்படிக்கு,
வகுப்புக்கு வரும் இரண்டு பிள்ளைகளின் தாய்,
ரங்கூன்